கணக்கு உள்ள பக்கத்தில் முகம் இல்லை

புலம்பெயர்ந்தவர்கள் நடத்தும் வணிக இதழ் எதை எடுத்தாலும் அட்டையில் ஒருவர் கோட் போட்டுக் கைகட்டி நிற்பார். உள்ளே நாலு பக்கத்துக்கு அவர் பட்ட கஷ்டம், அவர் வாங்கிய விருது, மந்திரியோடு எடுத்த படம். கடைக்கு மாத வாடகை என்ன, முதல் போட்ட பணம் எங்கிருந்து வந்தது, எத்தனை மாதம் நட்டத்தில் ஓடினார் என்று ஒரு வரி இருக்காது. ரொறன்ரோவில் தமிழ் இதழ்களுக்கும் விளம்பரக் கையேடுகளுக்கும் பக்கம் வடிவமைப்பதுதான் என் தொழில். அந்த அட்டைகள் எப்படி நிரம்புகின்றன என்று கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். புதிதாகக் கடை போட நினைக்கும் ஒருவர் இதை வாசித்து எதைக் கற்றுக்கொள்வார் என்ற கேள்வி எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்குப் பதில் சொல்ல முயன்ற ஒரு இதழோடு அண்மையில் வேலை செய்தேன். அது தமிழர் இதழ் அல்ல. கரீபியன் மக்களுக்கான சிறு வணிக இதழ்.

அதன் ஆசிரியர் கயானாவில், ஜோர்ஜ்டவுனில் பிறந்தவர். ஸ்காபரோவில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறார். ரொட்டிக் கடை, முடி அலங்கார சலூன், ஊருக்குக் கப்பலில் பீப்பாய் அனுப்பும் கடை, கேக் செய்து விற்பவர் என்று அவருடைய வாடிக்கையாளர்களில் ஜமேக்கா, ட்ரினிடாட், பார்படோஸ், கயானா எல்லாம் உண்டு. ஒரு சலூனின் விலைப்பட்டியலை அச்சடிக்க என்னிடம் வந்ததில்தான் பழக்கம். அவருடைய பெயரையும் இதழின் பெயரையும் இங்கே எழுதவில்லை. காரணம் போகப்போக விளங்கும்.

"சமையல் சரியில்லாமல் மூடிய கடையை நான் கண்டதில்லை. காகிதம் சரியில்லாமல் மூடிய கடைகளைத்தான் கண்டிருக்கிறேன்" என்று அவர் முதல் சந்திப்பிலேயே சொன்னார். காகிதம் என்று அவர் சொன்னது குத்தகை ஒப்பந்தத்தை. ஒன்ராறியோவில் பெரும்பாலான வீட்டு வாடகைக்கு ஆண்டு உயர்வில் ஓர் உச்சவரம்பு உண்டு, கடை வாடகைக்கு அப்படி எதுவும் கிடையாது. வாடகை நாள் கடந்து 15 நாளாகியும் பணம் கட்டவில்லை என்றால், 16ஆம் நாள் கட்டட உரிமையாளர் வந்து பூட்டை மாற்றலாம். அதற்கு முதலில் நீதிமன்றம் போக வேண்டியதும் இல்லை. கட்டடத்தை இடிக்கப் போவதாக அறிவித்தல் கொடுத்துக் கடைக்காரரை வெளியேற்றலாம் என்று ஒரு பந்தி பல ஒப்பந்தங்களின் பின்பக்கத்தில் இருக்கும். பேசிய வாடகைக்கு மேல் சொத்து வரி, பராமரிப்பு, காப்புறுதி என்று மூன்றும் சேர்ந்து வரும். முதல் வருடம் முடிந்து கணக்குத் தீர்க்கும் கடிதம் வரும்போதுதான் பலர் அதன் பாரத்தை உணர்வார்கள். இதையெல்லாம் எளிய மொழியில், 32 பக்கத்தில், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். சாப்பாட்டுக்குக் காத்திருப்பவர், தலை பின்னக் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் இருப்பவர், இவர்கள் கையில் அது இருக்க வேண்டும்.

இந்த எண்ணத்துக்குப் பின்னால் ரொறன்ரோவின் எக்ளின்ரன் மேற்கு வீதி இருந்தது. அலன் வீதிக்கும் கீல் வீதிக்கும் இடைப்பட்ட அந்தத் துண்டைத்தான் லிட்டில் ஜமேக்கா என்கிறோம். எழுபது, எண்பதுகளில் இசைத்தட்டுக் கடைகளும் ஒலிப்பதிவுக் கூடங்களும் சலூன்களும் நெருங்கி இருந்த தெரு. அங்கே 2011இல் ரயில் பாதை வேலை தொடங்கியது. 2020இல் முடியும் என்றார்கள், முடியவில்லை. கடை வாசலில் வருடக்கணக்காக வேலியும் தூசியும், காரை நிறுத்த இடமில்லை. கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. பத்திரிகைகள் உருக்கமாக எழுதின, அந்த எழுத்து தேவையானதுதான். ஆனால் வாசல் அடைபட்டால் வாடகையைக் குறைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கேட்டு வாங்கலாம் என்பதை அடுத்த தெருக் கடைக்காரருக்கு யாரும் சொல்லவில்லை. ஆசிரியருக்கு அந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை. இதழைத் தொடங்க வைத்ததே அதுதான் என்பது என் எண்ணம்.

முன்னால் தொடங்கியவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்

பக்க அமைப்பைத் தீர்மானிக்குமுன் பழைய கரீபியன் இதழ்கள் பணத்துக்கு என்ன செய்தன என்று இருவரும் தேடிப் பார்த்தோம். கட்டுரைகளை எல்லோரும் தேடுவார்கள். நாங்கள் விளம்பரங்களைத் தேடினோம்.

லண்டனில் கிளோடியா ஜோன்ஸ் 1958 மார்ச்சில் வெஸ்ட் இந்தியன் கஸட் பத்திரிகையைத் தொடங்கினார். போர்ட் ஒஃப் ஸ்பெயினில் 1915இல் பிறந்து, நியூயோர்க்கில் வளர்ந்து, கம்யூனிஸ்ட் என்று அமெரிக்கா 1955இல் வெளியேற்றிய பெண். பிரிக்ஸ்டன் வீதியில் ஒரு இசைத்தட்டுக் கடைக்கு மேலே அலுவலகம். 1958 கோடையின் முடிவில் நொட்டிங் ஹில்லில் கறுப்பர்களைத் தேடித்தேடித் தாக்கினார்கள். அவர் 1959 ஜனவரியில் சென் பாங்க்ரஸ் நகர மண்டபத்தில் ஒரு கார்னிவலை நடத்தினார். பத்திரிகைக்கு இருந்த மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் பணமுடை ஒருநாளும் தீரவில்லை. 1964 டிசம்பரில் அவர் இறந்தார், சில மாதங்களில் பத்திரிகையும் நின்றது. ஒருவருடைய தோளிலேயே முழுப் பாரமும் இருந்தால் இப்படித்தான் முடியும். ஆசிரியர் அதை வாசித்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, கணக்கை எழுத வேறு ஒருவரை வைக்க வேண்டும் என்றார். தானே கணக்காளர் என்பதால் அதை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

மற்றது, லண்டனில் கறுப்பின மக்களுக்காக வந்த வொய்ஸ் பத்திரிகை. வால் மக்கோலா 1982இல் தொடங்கியபோது பார்க்லேஸ் வங்கி 62,000 பவுண்ட் கடன் கொடுத்தது. பிரிக்ஸ்டன் கலவரம் நடந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. உள்ளூராட்சி மன்றங்கள் கறுப்பின மக்களை வேலைக்கு எடுக்க வேண்டிய நெருக்கடியில் இருந்தன. அவர்களுடைய வேலைவாய்ப்பு விளம்பரங்கள் வொய்ஸின் பக்கங்களை நிரப்பின. எனக்கு இதில் பிடித்த விடயம், அந்த விளம்பரமே வாசகருக்குத் தேவையான செய்தியாக இருந்தது. அதை வாசிக்கவே பத்திரிகையை வாங்கினார்கள். நல்ல விளம்பரம் என்றால் அதுதான். ரொறன்ரோவிலும் வழிகாட்டிகள் உண்டு: 1969இல் கொன்ட்ராஸ்ட் வந்தது, 1978இல் ட்ரினிடாட்டிலிருந்து வந்த ஆர்னல்ட் ஒகஸ்ட் ஷெயார் பத்திரிகையைத் தொடங்கினார். இலவசமாகக் கொடுத்தும் ஒரு சமூகப் பத்திரிகை நிலைக்கலாம் என்பதற்கு ஷெயார்தான் எங்களுக்குத் துணிவு தந்தது.

பழையதைத் தேடியதில் ஒரு கட்டுரையும் கிடைத்தது. 1985இல் மத்திய அரசின் பரிசோதகர்கள் ரொறன்ரோ வெதுப்பகங்களுக்குப் போய், நீங்கள் விற்பதை 'பீஃப் பற்றி' (beef patty) என்று சொல்லக்கூடாது என்றார்கள். சட்டப்படி அந்தப் பெயர் மா இல்லாத வெறும் இறைச்சித் தட்டைக்கு மட்டும் உரியதாம். மஞ்சள் மாவுக்குள் மாட்டிறைச்சிக் கொத்தல் வைத்துச் சுடும் ஜமேக்கர்களின் பண்டத்துக்கு அது பொருந்தாதாம். கடைக்காரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அந்தப் பெப்ரவரியில் உட்கார்ந்து பேசி 'ஜமேக்கன் பற்றி' என்று எழுதலாம் என்று முடிந்தது. பெயர்ப் பலகையும் பொதி உறையும் மாற்ற ஒரு சின்னக் கடைக்கு எவ்வளவு செலவாகும் என்று யோசித்தால் அவர்கள் ஏன் அப்படி நின்றார்கள் என்று புரியும். முதல் இதழின் கடைசிப் பக்கத்துக்கு அதைப் போட்டோம்.

அட்டைக்கு வந்த விலை

செய்தி பரவியதும் சில கிளைகள் வைத்திருக்கும் ஓர் உணவக உரிமையாளர் வந்தார். நல்ல மனிதர், கடின உழைப்பாளி, ஊரில் பாடசாலைகளுக்கு உதவுகிறவர். முதல் இதழின் அட்டையில் தன் படமும் உள்ளே தன் கதையும் வேண்டும், பதிலுக்கு ஒரு வருட அச்சுச் செலவைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கையில் பணம் இல்லாத ஓர் இதழுக்கு இதைவிடப் பெரிய வரம் என்ன வேண்டும்? ஆசிரியர் அவருக்குத் தேநீர் கொடுத்து, நன்றி சொல்லி, மறுத்தார். "முதல் அட்டையை விற்றால் இரண்டாவது அட்டைக்கு நல்ல விலை கிடைக்கும். ஆனால் அதற்குப் பிறகு எவரும் எனக்குத் தங்கள் கஷ்டத்தைச் சொல்ல மாட்டார்கள்" என்று பிறகு என்னிடம் சொன்னார். உணவக உரிமையாளருக்கும் வருத்தம் இல்லாமல், எல்லோருக்கும் கொடுக்கும் அதே விலையில் உள்ளே அரைப்பக்க விளம்பரம் கொடுத்தார். அதை அவர் ஏற்றுக்கொண்டது அவருடைய பெருந்தன்மை.

அப்படியானால் அச்சுப் பணம்? சீட்டிலிருந்து வந்தது. ட்ரினிடாட்காரர் சூசூ என்பார்கள், ஜமேக்கர்கள் பார்ட்னர், கயானாவில் பொக்ஸ் ஹாண்ட், பார்படோஸில் மீட்டிங் டேர்ன். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த பழக்கம். நமக்கு விளக்கத் தேவையில்லை, ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்ல வேண்டும்: அங்கே ஏலம் கூறுவது கிடையாது. கழிவும் இல்லை, வட்டியும் இல்லை. பணத்தைச் சேர்க்கும் பெண்மணி யாருக்கு எந்த மாதம் என்று வரிசை போடுவார். அவசரம் உள்ளவர் முன்னுக்குக் கேட்டால் மற்றவர்கள் சம்மதித்துக் கொடுப்பார்கள். ஆசிரியர் இருந்த வட்டத்தில் பெரும்பாலும் தாதிமாரும் முதியோர் பராமரிப்பில் வேலை செய்யும் பெண்களும். இதழ் என்ற சொல்லே பலருக்குப் புதிது. ஆனாலும் முதல் கையை, அதாவது முதலில் சேர்ந்த தொகையை, அவருக்குக் கொடுத்தார்கள். வங்கியில் கேட்டிருந்தால் முதலில் மூன்று வருட வருமானக் கணக்கு கேட்டிருப்பார்கள், பிறக்காத இதழுக்கு அது எங்கே இருக்கும்.

அச்சுக்கு முதல்நாள் இரவு

முதல் இதழின் நடுப்பக்கங்கள் ஒரு சலூனைப் பற்றியவை. ஜமேக்காவின் மண்டவிலிலிருந்து வந்து நெடுங்காலமாக ஒரே பிளாசாவில் சலூன் நடத்தும் பெண். எல்லாக் கணக்கையும் சொல்லியிருந்தார்: வாடகை, நாற்காலி வாடகைக்கு எடுத்து வேலை செய்பவர்களிடம் வாங்கும் தொகை, முடி, எண்ணெய் வாங்கப் போகும் செலவு, எந்த மாதங்களில் தொழில் படுக்கும் என்பது வரை. படமும் அருமையாக வந்திருந்தது. நாலு பக்கம் கட்டி முடித்து, அச்சகத்துக்கு அனுப்ப எல்லாம் தயாரான இரவு, அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. போட வேண்டாம் என்றார்.

ஏன் என்று ஆசிரியர் கேட்டார். அந்தப் பதிலில் ஒரு சின்னக் கடைக்காரியின் உலகம் முழுவதும் இருந்தது. கட்டட உரிமையாளர் வாசித்தால், இவ்வளவு வருகிறதா என்று அடுத்த ஒப்பந்தத்தில் வாடகையைக் கூட்டுவார். நாற்காலிக்காரப் பெண்களில் ஒருத்தி குறைவாகக் கட்டுகிறாள், குழந்தை பிறந்த நேரத்தில் பாவம் பார்த்துக் குறைத்தது, மற்றவர்களுக்கு அது தெரியவரும். ஊரில் இருக்கும் தங்கைக்கு யாராவது படம் பிடித்து அனுப்புவார்கள். அவள் வரவை மட்டும் பார்ப்பாள், செலவைப் பார்க்க மாட்டாள். வெளிநாட்டிலிருந்து ஜமேக்காவுக்கு ஆண்டுக்கு 300 கோடி அமெரிக்க டொலருக்கு மேல் போகிறது. அந்தப் பெருந்தொகைக்குள் இப்படித் தங்கை கேட்டு அக்கா அனுப்பியதும் இருக்கிறது. இதை வாசிக்கிற நமக்கும் இது புதிதல்ல.

நான் வடிவமைப்பாளன், எனக்கு வேறு கவலை. நடு மடிப்பில் கம்பிப் பின் அடித்த இதழில் பக்கங்கள் நாலு நாலாகத்தான் வரும். நடுவில் நாலு பக்கத்தை உருவினால் 28 பக்கம் சரியாக நிற்கும், ஆனால் நடுப்பக்கத்துக்கு எதிரே என்று சொல்லி விற்ற விளம்பரங்கள் எல்லாம் இடம் மாறும். அந்த நேரத்தில் மிக எளிதான வழி ஒன்று இருந்தது. படத்தை வைத்துக்கொண்டு கணக்கை எடுத்துவிடலாம். அவருடைய உழைப்பு, விடாமுயற்சி, தாய் கற்றுக்கொடுத்த கைப்பழக்கம் என்று எழுதினால் ஒரு மணி நேரத்தில் பக்கம் நிரம்பிவிடும், அவரும் சந்தோஷமாகச் சம்மதிப்பார். அதாவது கைகட்டி நிற்கும் அட்டைப்பட மனிதரின் கதை. அந்த இதழ்கள் எல்லாம் ஏன் அப்படி இருக்கின்றன என்பது எனக்கு அன்றிரவுதான் விளங்கியது. பணத்துக்காக மட்டும் அப்படி ஆகவில்லை. கணக்கைச் சொன்னவரைக் காப்பாற்ற வழி இல்லாதபோது புகழ்ச்சி ஒன்றுதான் எவருக்கும் ஆபத்து இல்லாதது.

ஆசிரியர் நேரெதிராகச் செய்தார். முகத்தை எடுத்துவிடுவோம், கணக்கு இருக்கட்டும் என்றார். தான் கணக்கு எழுதும் வேறு இரண்டு சலூன்காரப் பெண்களை அந்த இரவிலேயே அழைத்தார். பெயர் வராது, இடம் வராது, படம் வராது, மூன்று சலூன்களின் வரவும் செலவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், எது எவருடையது என்று கண்டுபிடிக்க முடியாதபடி தொகைகளைக் கிட்டத்தட்டச் சுருக்கிப் போடுவோம் என்று கேட்டார். இருவரும் சம்மதித்தார்கள். மண்டவில் பெண்ணிடம் திரும்பக் கேட்டபோது அவரும் சம்மதித்தார். அதோடு முகத்தோடு பேசியபோது சொல்லாத ஒன்றையும் சொன்னார்: முதல் இரண்டு வருடம் தனக்கென்று சம்பளமே எடுக்கவில்லை, இரவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்துதான் வீட்டை நடத்தினார். அந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான வரி அதுதான். புதிதாகத் தொடங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுதான்.

அதிலிருந்து ஒரு விதி பிறந்தது. முகம் உள்ள பக்கத்தில் கணக்கு வராது. கணக்கு உள்ள பக்கத்தில் முகம் வராது. ஆசிரியரும் இதழும் பெயரில்லாமல் இந்தக் கட்டுரையில் வருவதற்கும் காரணம் இதுதான்: பெயரைச் சொன்னால் யாருடைய கணக்கை எழுதுகிறார் என்று ஸ்காபரோவில் பாதிப் பேர் ஊகித்துவிடுவார்கள்.

முகங்கள்

முகம் உள்ள பக்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரிய முகத்தை மலிவுத் தாளில் அச்சடிப்பது தனி வேலை. மை தாளில் ஊறிப் பரவும்போது நிழல் பகுதிகள் ஒன்றாகி, கண்ணும் மூக்கும் தெரியாமல் ஒரு கறுப்புத் திட்டாகிவிடும். பத்திரிகைகளில் கறுப்பு மனிதர்களின் படம் காலங்காலமாக அப்படி வந்ததற்குக் கவனமின்மைதான் காரணம், தொழில்நுட்பம் அதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டது. நிழலைத் திறந்து, கறுப்பையும் நீலத்தையும் குறைத்து, சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த சூட்டை விட்டுவைத்தால் தோல் உயிரோடு நிற்கும். நம்முடைய திருமணப் படங்களில் எல்லோரையும் வெளுப்பாக்கச் சொல்லிக் கேட்டே எனக்குப் பழகியிருந்தது. இங்கே ஆசிரியர் திரையில் ஒரு முகத்தைக் காட்டி, இவர் இன்னும் கறுப்பு, அப்படியே வரட்டும் என்றார். இந்த வேலையில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த வசனம் அது.

இதழ் வந்ததும் முதல் விமர்சனம் எதிர்பார்த்ததுதான்: ஜமேக்கர்கள் எத்தனை பேர், ட்ரினிடாட்டுக்கு ஏன் இவ்வளவு குறைவு, பார்படோஸ் எங்கே. மேற்கிந்தியக் கூட்டாட்சி என்று பத்துப் பிரதேசங்களைச் சேர்த்து 1958இல் தொடங்கியதை 1962இல் கலைத்த மக்கள். ஆனால் சலூன் பக்கத்தில் எந்தத் தீவு என்று கேட்க இடமே இல்லை. கணக்கு எல்லோருக்கும் பொதுவாகப் போய்விட்டது. ஆசிரியருக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் அந்த 16ஆம் நாள் பற்றியவை. பிராம்ப்டனில் ஒரு முடிதிருத்துபவர் குத்தகைப் பக்கத்தைக் கிழித்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டாவது இதழில் ரொட்டிக் கடைகளின் கணக்கு வருகிறது. ஒருநாளைக்கு எத்தனை ரொட்டி விற்றால் வாடகை கட்டலாம், ஆட்டிறைச்சி விலை ஏறும்போது எதைக் குறைக்கிறார்கள், உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் செயலிகள் எவ்வளவை எடுத்துக்கொள்கின்றன என்பதெல்லாம். மூன்று கடைக்காரர்கள் தந்துவிட்டார்கள். நாலாமவர் மற்றவர்களின் தொகைகளைப் பார்த்துவிட்டுத்தான் தன்னுடையதைத் தருவேன் என்றார். அச்சாகும்வரை அவற்றை எவருக்கும் காட்ட முடியாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். மூன்றோடு பக்கம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.